நாற்காலியை விட்டு எழாதவர்

லாட்ஜ் வேலையில் சேர்ந்த முதல் வாரமே யாராவது ஒரு சீனியர் உங்களிடம் அந்த ரகசியத்தைச் சொல்லியிருப்பார். கை சும்மா இருக்கக் கூடாது. வேலை இருக்கிறதோ இல்லையோ, கையில் ஏதாவது இருக்க வேண்டும். திருத்தணி மலையடிவாரத்தில் நான் மேனேஜராக இருந்த இதே லாட்ஜில் அப்படி ஒருவர் இருந்தார். காலையில் ஒரே ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடி, மொட்டைமாடியிலிருந்து கீழ்த்தளம். எதிரில் வருகிற யாரும் அவரை நிறுத்தி எதுவும் கேட்க மாட்டார்கள். தலையணையோடு வேகமாகப் போகிற மனுஷனிடம் என்னவென்று கேட்பது? எந்த ரூமிலோ யாரோ தலை சாய்க்கக் காத்திருக்கிறார் என்று நினைத்து நானே வழிவிட்டிருக்கிறேன். அவர் வேலையை விட்டுப் போன நாளில் அவருக்கு மாலை போட்டோம். நியாயமாகப் பார்த்தால் அந்தத் தலையணைக்கும் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் உங்கள் மேனேஜர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த உங்களில் சிலர் ரிசப்ஷனில் இருக்கிற அக்காவைப் பற்றி முணுமுணுக்கிறீர்களாம். நாம் மாடிக்கும் கீழுக்கும் ஓடிச் சாகிறோம், அந்த அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை, சம்பளம் மட்டும் நம்மைவிட அதிகம் என்று. மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் இருந்த காலத்திலேயே எனக்குச் சட்டென்று கோபம் வரும், ரிட்டயர் ஆன பிறகு அது குறையவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். கோபம் ஆறியபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த அக்காவின் பெயரை எங்கும் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அவர் பொதட்டூர்பேட்டைக்காரர். வீட்டில் தறி ஓடும் சத்தத்திலேயே வளர்ந்தவர் என்பதாலோ என்னவோ, எத்தனை பேர் சேர்ந்து கத்தினாலும் அவர் முகம் மாறாது. தமிழும் தெலுங்கும் ஒரே மாதிரி பேசுவார். சித்தூரிலிருந்து வருகிறவர் அவரைத் தம் ஊர்ப்பெண் என்று நினைப்பார், வேலூரிலிருந்து வருகிறவரும் அப்படியே நினைப்பார். முதலாளிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அவர்மேல் ஒரு சந்தேகம். எப்போது வந்து பார்த்தாலும் அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டிருக்கிறதே, மற்றவர்கள் எல்லாம் பறக்கிறார்களே என்று என்னிடம் கேட்பார். முதலாளி காரின் ஹாரன் கேட்டவுடன்தான் மற்றவர்கள் பறக்க ஆரம்பிப்பார்கள் என்பதை நான் அவரிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது ஒரு வெந்நீர் விஷயத்தில். ஒரு மார்கழிக் காலை, கீஸர் கெட்டுப்போனது. மாடியிலிருந்து ஒரு கஸ்டமர் துண்டோடு இறங்கி வந்து மேஜையைத் தட்டினார். சீக்கிரம் குளித்துவிட்டு மலைக்குப் போக வேண்டியவர், கோபத்தில் இருந்தார். நம் தொழிலில் இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு பதில் இருக்கிறது. “இதோ வந்துடும் சார்.” நம்மில் பாதிப்பேர் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பிழைப்பை ஓட்டிவிடுகிறோம். அந்த அக்கா அதைச் சொல்லவில்லை. கஸ்டமர் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வராதுங்க. கீஸர் கெட்டு பூட்ச்சி. கிச்சன்ல அடுப்புல வெக்கச் சொல்லிகீறேன், அரை மணி ஆவும். அதுவரைக்கும் காபி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். கஸ்டமர் காபி குடித்தார். நானாக இருந்தால் இதோ, இதோ என்று சொல்லி அந்த மனுஷனை மூன்று முறை மாடி ஏறி இறங்க வைத்திருப்பேன். இல்லாததை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, கிருத்திகைக்கு வருகிறேன்.

ஆடிக் கிருத்திகையைப் பார்க்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால் லாட்ஜுக்குள் இருந்து பார்த்திருக்க மாட்டீர்கள், இந்த வருஷம் பார்ப்பீர்கள். வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். மாடிப்படியில் மூட்டைகள் இருக்கும். குழாயடியில் வரிசை நிற்கும். பூக்காவடிகள் சுவரெல்லாம் சாய்ந்திருக்கும். எல்லோரும் மஞ்சள் உடுத்தியிருப்பார்கள். எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்தான். வெளியே அரோகரா சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது.

அந்த வருஷம் நகரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. புருஷன், மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை, மனைவியின் தம்பி. குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி, அவ்வளவும் சுருட்டை. கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் கிடந்ததாம், பிழைத்தால் முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் கிளம்பும்போது சிவப்புப் பாவாடை, தலை நிறைய மல்லிகை என்று அலங்காரம் பண்ணி, ரிசப்ஷன் முன்னால் நிற்கவைத்து அம்மா ஒரு போட்டோ எடுத்தாள். அந்த முடியோடு கடைசிப் போட்டோ என்று சொல்லிக் கொஞ்சம் கண் கலங்கினாள். புருஷன் காவடி எடுத்துக்கொண்டும் அவள் பால்குடம் எடுத்துக்கொண்டும் மலை ஏறினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே மொட்டை போடுவது வழக்கம்? அதனால் குழந்தையை மாமன் தூக்கிக்கொண்டு போனார்.

உச்சி வெயில் நேரம். அந்த மாமன் வராண்டாவிலிருந்து உள்ளே ஓடிவந்து பாப்பாவைக் காணோம் என்று ஒரு சத்தம் போட்டார். மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டு எதிர்க்கடையில் பால் வாங்கப் போனாராம், திரும்பி வந்தால் குழந்தை இல்லை. அவ்வளவுதான் சொன்னார், மறுபடியும் தெருவில் பாய்ந்து கூட்டத்தில் கரைந்துவிட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். புருஷன் இன்னும் மேலே காவடியோடு வரிசையில் நின்றிருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் அவள் போட்ட கூச்சலை நான் எழுதப்போவதில்லை.

எங்கள் மாடி சூப்பர்வைசரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லாட்ஜிலேயே வேகமானவர் அவர்தான். தலையணை ஆசாமியோடு அவரைச் சேர்த்துவிடாதீர்கள், இவர் நிஜமாகவே உழைப்பவர். ஒரு நிமிஷத்தில் குழந்தையின் அம்மாவின் போனிலிருந்து காலையில் எடுத்த போட்டோவை வாங்கினார், ஸ்டாஃப் குரூப்பில் போட்டார், போலீஸ் பூத்துக்கும் அனுப்பினார். “பார்வர்ட் பண்ணிட்டேன் சார்” என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார். ரூம் பாய்கள், சமையல்காரர்கள், துணி வெளுக்கிற ஆள், பெருக்குகிற அம்மா, எல்லோரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் டார்ச்சோடு தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார்.  வெளியே மைக்கில் அறிவிப்பு ஆரம்பித்துவிட்டது. சுருட்டை முடி, சிவப்புப் பாவாடை, நான்கு வயது.

அம்மாவும் ஓடினாள். ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினாள். கீழே முற்றத்தில் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வேனில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பெரிய கூட்டம். வீட்டிலிருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் மொத்தமாக மொட்டை போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்த வேனுக்குள்ளும் அவள் எட்டிப் பார்த்தாள். சிவப்புப் பாவாடை எதுவும் கண்ணில் படவில்லை. திரும்பி வந்து ரிசப்ஷன் மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை நேரமும் அந்த அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கே உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. நானும் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் குனிந்து அந்த அம்மாவிடம் தண்ணீரை நீட்டி, தெலுங்கில் ஏதோ கேட்டார். பாதி எனக்கும் புரிந்தது. மொட்டை போட்ட பிறகு குழந்தையை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை, தம்பிதான் கூட்டிக்கொண்டு போனான் என்றாள் அவள். குளிப்பாட்டியது யார்? தம்பிதான். துணி மாற்றியது? அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடாமல்தான் கூப்பிட்டார்.

“சார், இந்தப் போட்டோல கீற புள்ளை இப்ப கெடையாதுங்க. முடி போயிட்சி. அந்தப் பாவாடை மேல கீதோ இல்லியோ, அதுவும் தெரியாது. புள்ளை இப்ப எப்டி கீதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அந்த மாமன்தான். அவரு ரோட்ல ஓடிகினு கீறாரு.”

எனக்கு யாரோ பின்மண்டையில் தட்டியது மாதிரி இருந்தது. மொட்டை போட வந்த ஊரில், மொட்டை போட வந்த குழந்தையை, முடியை வைத்துத் தேடிக்கொண்டிருந்தோம். அதை மைக்கிலும் சொல்லிக்கொண்டிருந்தோம். லாட்ஜ் முழுக்க மொட்டைத் தலைகளை விலக்கி விலக்கி அந்தச் சுருட்டை முடியைத் தேடி ஓடினோமே தவிர, ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றுவதற்கு ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், யார் நின்றோம்?

மாமனுக்கு போன் போட்டுப் பார்த்தோம். கிருத்திகைக் கூட்டத்தில் லைன் எங்கே கிடைக்கிறது? அதற்குள் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு சூப்பர்வைசர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அடுத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகட்டுமா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஓடத் தெரிஞ்சவரு ஓடட்டும் சார். ஆனா புள்ளையத் தேடி இல்லை, மாமனைத் தேடி.”

சூப்பர்வைசருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பச்சைக்குழந்தை காணாமல் போயிருக்கிறது, முழு ஆளைப் போய்த் தேடச் சொல்கிறீர்களே அக்கா என்றார். கேட்டதில் தப்பில்லை. நான்தான் போகச் சொன்னேன். எனக்காகப் போனார், மனசில்லாமல் போனார்.

அக்கா இன்னொன்றும் கேட்டார். மாமன் வரும்வரை கேட்டைப் பூட்டிவிடலாமா சார் என்றார்.

நம் லாட்ஜுக்கு ஒரே ஒரு கேட். கிருத்திகையன்று அதைப் பூட்டுவது என்றால் என்ன என்று இந்த வருஷம் தெரிந்துகொள்வீர்கள். உள்ளே கிளம்பத் தயாராக வேன், வெளியே ரூமுக்குக் காத்திருக்கும் கூட்டம், இரண்டு பக்கமும் ஹாரன். வாட்ச்மேன் பூட்டிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்துத் தள்ளி நின்றுகொண்டார். பள்ளிப்பட்டுக்காரர்களில் பெரியவர் ஒருவர் இறங்கி வந்து மேஜை முன்னால் நின்று திட்ட ஆரம்பித்தார். வெயிலில் பிள்ளைகள் வேனுக்குள் வெந்துகொண்டிருக்கின்றன, யாரைக் கேட்டுப் பூட்டினீர்கள் என்றார். நான் இதோ திறந்துவிடுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

“இப்ப தொறக்க முடியாதுங்க. ஒரு பொம்பளைப் புள்ளை காணோம். மாமன்காரரு வந்துகினு கீறாரு, அவரு வந்ததும் தொறந்துடுவோம். எவ்ளோ நேரம் ஆவும்னு எனக்குத் தெரியாது. பசங்களுக்கு மோர் குடுக்கச் சொல்றேன், நெழல்ல உக்காருங்க.”

பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.  போய் டிரைவரிடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். பிள்ளைகளில் விழித்திருந்தவர்கள் இறங்கி நிழலுக்கு வந்தார்கள். தூங்குகிறவர்களை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் வேனிலேயே இருந்தார்கள்.

இந்த நேரத்தில் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக, தெருவில் காரை விட்டுவிட்டு, முதலாளி வந்து சேர்ந்தார். ஒரே ஒரு கேட் என்று சொன்னேனே, அது வண்டிகளுக்கு. ஆள் நுழைய இந்தக் கதவு உண்டு, அதில் வாட்ச்மேன் நின்றிருந்தார். முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறோம், போலீஸ் வந்தால் நமக்குத்தான் திட்டு, கேட்டைத் திறங்கள் என்றார். குழந்தை வெளியே போயிருக்கும், உள்ளே இருக்கிறவர்களைப் பூட்டிவைத்து என்ன பிரயோஜனம் என்றார். பெற்ற தாயே வேனுக்குள் பார்த்துவிட்டு வந்துவிட்டாளே என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அக்காவிடமும் குரல் உயர்ந்தது. நீ முதலில் எழுந்து போய்த் தேடு என்று சொல்லிவிட்டார்.

அக்கா எழவில்லை. “அந்தம்மாவும் அந்தப் போட்டோவத்தான் தேடினாங்க சார்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “வெளிய இருந்தா தேடறதுக்கு போலீஸ் கீது, மைக் கீது, ஊரே கீது. உள்ள இருந்தா நாம மட்டுந்தாங்க” என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் அவரிடம் வேலை பார்த்தவன் நான், நாலு பேர் எதிரில் அவர் பேச்சை ஒருநாளும் மறுத்ததில்லை. சாவி என் கையில் வேர்த்துப்போய் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாமன் வரட்டுங்க, பொறுப்பு என்னுடையது என்றேன். குழந்தை வெளியே எங்கேயாவது கிடைத்திருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படிச் செய்தேன், ஏனென்றால் அந்த வளாகத்தில் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அந்த அக்கா என்பதும் எனக்குத் தெரிந்தது. உங்களுக்குச் சொல்கிறேன், நெருக்கடியில் நீங்களே யோசிக்க முடியவில்லை என்றால் பரவாயில்லை. யோசிக்கிறவர் யார் என்று பார்த்து அவர் பக்கம் நில்லுங்கள். அதுவும் வேலைதான்.

பிறகு காத்திருந்தோம். ஓடுகிறபோது நேரம் தெரியாது, காத்திருப்பது அப்படியில்லை. மைக்கில் சுருட்டை முடி, சுருட்டை முடி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் மாமனைக் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? சரவணப் பொய்கைப் படிக்கட்டு. எல்லாத் தெருவும் தேடிவிட்டு, கடைசியில் அங்கே வந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாராம். பேர் சொல்லிக் கூப்பிட்டும் காதில் விழவில்லையாம். தோளைப் பிடித்து இழுத்துவந்து, யாரிடமோ கேட்டு வாங்கிய பைக்கில் பின்னால் உட்காரவைத்து, கூட்டத்தில் சந்து சந்தாகப் புகுந்து கொண்டுவந்து சேர்த்தார். அந்த வேகம் அவரைத் தவிர வேறு யாருக்கும் வராது. காலையிலிருந்து ஓடிய ஓட்டத்திலெல்லாம் அந்த ஓட்டம்தான் பலித்தது.

 மாமன் குழந்தையின் அம்மாவைப் பார்த்து ஒரு நிமிஷந்தான் வுட்டுட்டுப் போனேன், ஒரு நிமிஷந்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அவரை அடிக்கப் பாய்ந்தாள். ரிசப்ஷன் அக்கா உட்கார்ந்தபடியே கையை நீட்டி அவளைத் தடுத்து, மாமனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். புள்ளை மேல இப்போ என்ன துணி இருக்குது?

“பாவாடை நெனஞ்சி பூட்ச்சிங்க, குளிப்பாட்டறப்போ. கடைல மஞ்ச வேட்டிதான் கெடச்சிது, ஆம்பளப் பசங்க கட்றது. அதைச் சுத்தி வுட்டேன்.”

அதைக் கேட்டதும் என் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.  “அக்கா… படியில அழுதுகினு இருந்த அந்தப் பையனை நான்தான்க்கா தூக்கினேன்” என்றார்.

நடந்தது இதுதான். பால் வாங்கப் போன மாமன் திரும்புவதற்குள், மாடியிலிருந்து பக்கெட்டோடு இறங்கிய சூப்பர்வைசர் படியில் ஒரு மொட்டைப் பையன் அழுவதைப் பார்த்திருக்கிறார். கூட்டத்தில் மிதிபடப்போகிறானே என்று தூக்கியிருக்கிறார். வராண்டாவில் பள்ளிப்பட்டுக் குடும்பத்தின் பிள்ளைகள், அதே மொட்டை, அதே சந்தனம், அதே மஞ்சள் வேட்டி, வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். அவர்களோடு கொண்டுபோய் உட்காரவைத்து, பையிலிருந்து ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பதறி ஓடிய மாமனும் அந்த வரிசையை நின்று பார்க்கவில்லை. நல்ல மனசோடு செய்ததுதான். உங்க பையனா என்று ஒரு வார்த்தை கேட்க மட்டும் அவருக்கு நேரமில்லை. அதற்கப்புறம் இத்தனை நேரம் ஊரெல்லாம் அவர் தேடி ஓடியது, தாமே தூக்கிக்கொண்டுபோய் விட்ட அந்தக் குழந்தையைத்தான்.

எல்லோரும் வேனுக்கு ஓடினோம். நானும்தான். பின் சீட்டில் ஒரு பெண்ணின் மடியில், துண்டைப் போர்த்திக்கொண்டு, வாயோரம் பிஸ்கட் தூளோடு தூங்கிக்கொண்டிருந்தது குழந்தை. ஓரகத்தி பிள்ளை என்று நினைத்துத் தூக்கிவைத்திருந்தாளாம் அவள். அந்த ஓரகத்தி, நாத்தனார் பிள்ளை என்று நினைத்திருந்தாளாம். நாத்தனார் முன் சீட்டில் இருந்தாள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஒரு பிள்ளை கூடுதலாக இருப்பது தெரியவில்லை. வேன் கிளம்பியிருந்தால் பள்ளிப்பட்டில் போய் இறங்கும்போதுதான் தெரிந்திருக்கும். அதற்குள் இங்கே ஒரு தாய் என்ன ஆகியிருப்பாள், அந்தத் தம்பி பொய்கைப் படியில் நின்று என்ன செய்திருப்பான் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

மாமன் குழந்தையைத் தூக்கி அதன் அம்மாவின் கையில் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. மொட்டைத் தலையும் சந்தனமும் வேட்டியுமாக இருந்த அந்த முகத்தை வெறித்துப் பார்த்தாள். பிறகு தம்பியின் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள், நிஜக் குழந்தை அங்கே இருக்கிறது என்பது போல. குழந்தை கண்ணைத் திறந்து, தூக்கக் கலக்கத்தில் அம்மா என்றது. அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் அவளுக்குப் பிள்ளை தெரிந்தது. வாங்கி அணைத்துக்கொண்டு அழுதாள். பள்ளிப்பட்டுப் பெண்களும் அழுதார்கள். சண்டைக்கு வந்த அந்தப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலாளி யாரையும் பார்க்காமல் கேட் பக்கம் நடந்தார். நான் சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தேன்.

சூப்பர்வைசர் மட்டும் படியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டிருந்தார். அக்கா அவர் செய்த தப்பை யாரிடமும் எடுத்துச் சொல்லவில்லை. பிறகு முதலாளி உள்ளே வந்தபோது அவரிடம், மாமனைத் தேடிக் கொண்டுவந்தது அவர்தான், வேறு யார் போயிருந்தாலும் நேரத்துக்கு வந்திருக்க மாட்டார்கள் என்று சொன்னார். அதுவும் உண்மைதானே? அந்த மனுஷர் அன்றைக்குப் பிறகும் வேகமாகத்தான் ஓடினார். ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். அவர்தான் இன்றைக்கு உங்கள் மேனேஜர். என் வீட்டுக்கு வந்து, அந்தக் கிருத்திகையை விட்டுவிடாமல் எழுதுங்கள், என் பங்கையும் மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டதும் அவர்தான். இப்படிக் கேட்கிற மேனேஜர் கிடைத்ததற்கு நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வேன் போனபிறகு நான் உள்ளே வந்தேன். எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள், ரிசப்ஷனில் அக்கா மட்டும்தான் இருந்தார். குழந்தையைப் பார்க்கக்கூட அவர் எழுந்து வரவில்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து, ரூம் இல்லீங்க, நாளைக்கும் இருக்காதுங்க என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இன்னொரு கை நாற்காலியின் அடிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்து அந்தக் கையை எடுக்க முயன்றார். விரல்கள் உடனே பிரியவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு பதற்றத்தை உள்ளே வைத்துக்கொண்டு எப்படிம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன்.

“எழுந்திருந்தா நானும் ஓடியிருப்பேன் சார்” என்றார்.